சம்பந்தம் உள்ளவர்கள் வெளியே இருக்கவும்

மனைவி போன பிறகு பைக்காரருக்கு வந்து சேர்ந்தவை அவளுடைய மூக்குக்கண்ணாடி, பாதி பின்னி நிறுத்தியிருந்த ஒரு கம்பளிச் சட்டை, அப்புறம் ஒரு நாற்காலி. கண்ணாடியும் கம்பளிச் சட்டையும் வீட்டிலேயே இருந்தன. நாற்காலி மட்டும் ஊரின் மறுகோடியில், ஒரு கம்பெனியின் மேல்மாடியில் இருந்தது.

பைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பழைய பைகளுக்கு வார் மாற்றுவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் வைப்பது, தளர்ந்துபோன பெல்ட்டுக்கு இன்னொரு ஓட்டை போடுவது என்று அவர் பிழைப்பு நடந்துகொண்டிருந்தது. மனைவியின் அப்பா மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் கம்பெனியைத் தொடங்கியவர். மகள் ஒரு பை தைப்பவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். கடைசிக் காலத்தில் மனம் இளகி, இயக்குநர் குழுவில் மகளுக்கு ஓர் இடம் எழுதிவைத்தார். அவளுக்குப் பின் அவள் கணவனுக்கு என்றும் சேர்த்து எழுதினார். அந்த ஒரு வரியில் அப்பா உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். கூட்டத்துக்குப் போய் வந்தால், "என்ன பேசினாங்க?" என்று பைக்காரர் கேட்பார். "பேசினாங்க," என்பாள். அதற்குமேல் சொல்ல அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

அவளுக்கு வயிற்றில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. வார்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்ததும் கட்டிலின் தலைமாட்டில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்து, "அப்பா கம்பெனி," என்று சிரித்தாள். அந்தக் கட்டிலின் பக்கக் கம்பியை மேலே தூக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அன்று மத்தியானமும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நம்பிப் பைக்காரர் தண்ணீர் பிடிக்கப் போனார். அவள் தூக்கத்தில் புரண்டு கம்பிமேல் சாய்ந்தாள். கம்பி இறங்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, படுத்தபடியே கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, அதோடு அடங்கிவிட்டாள்.

அதிலிருந்து பைக்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு சற்றுத் தாமதித்துத்தான் கைக்கு வந்தது. தன் மகள் பேசினால் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றிக் கைகூப்புவார். "கடவுளே" என்பார். மேற்கொண்டு கேட்க ஒன்றும் தோன்றாது. கைகூப்பியபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விளக்கைத் தணிப்பார். அதுவும் பிரார்த்தனைக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அவருக்கு அப்போது விளங்காத ஒரு விஷயம் உண்டு. மனைவியின் அண்ணன், கம்பெனியின் நிர்வாக இயக்குநர், தங்கையின் இறுதிச் சடங்குக்குக் காரில் வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். முகத்தைப் பார்க்க உள்ளே வரவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மெலிந்த மனிதர் ஒருவர் தன் காதில் ஏதோ சொல்ல, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் வந்தார். அப்போதும் வாசலில்தான்.

"உள்ள வாங்க மச்சான்."

"இருக்கட்டும் மாப்ள. இப்படியே பேசிடலாம்."

"மாமா, வாசல்ல நிக்கறவங்களுக்கு நாங்க டீ தர்றதில்ல," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

மச்சான் கேட்காததுபோல் இருந்தார். "அவ இடத்துல இனிமே நீங்க உக்காரணும் மாப்ள. அப்பா எழுதிவெச்சது."

"எனக்கு என்ன மச்சான் தெரியும்? அங்க என்ன வேல?"

"வேலன்னு ஒண்ணும் இல்ல. கடமைதான்."

"என்ன கடமை?"

"அது செயலாளர் சொல்வாரு," என்று சொல்லி மச்சான் காரில் ஏறினார். மெலிந்த மனிதர்தான் செயலாளர் என்று பின்னால் தெரிந்தது.

கூட்ட அறையில் நீள மேசை. மேசை நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு பொம்மைக் கட்டில். அந்த மாடியில் இருந்த ஒரே கட்டில் அதுதான். குழுத் தலைவர் வெள்ளைத் தலையும் இனிமையான குரலுமாக இருந்தார். பல கம்பெனிகளுக்குத் தலைவர் என்பதால் இன்று எந்தக் கம்பெனி என்பதைச் செயலாளர் அவர் காதில் சொன்னபிறகுதான் வணக்கம் சொல்வார்.

பைக்காரர் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்காரப் போனார். செயலாளர் பதறிக்கொண்டு வந்து கையைப் பிடித்தார்.

"அது இல்ல சார், உங்களோடது அந்தப் பக்கம். இது நியாயமான மனிதரோடது."

"அவரு வர லேட்டாகுமா?"

"அவர் வரமாட்டார் சார். அவர் சட்டத்துல இருக்கறவர். ஒரு நியாயமான மனிதர் நம்ம இடத்துல இருந்தா எவ்வளவு கவனமா இருப்பாரோ, அவ்வளவு கவனமா நாம இருக்கணும். இயக்குநரோட முதல் கடமையே அதுதான். அத மறந்துடக்கூடாதுன்னு அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கோம். வேற எந்தக் கம்பெனியிலயும் இந்த ஏற்பாடு கிடையாது."

"தண்ணி பாட்டில் வெச்சிருக்கே."

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது பாட்டில்," என்றார் செயலாளர். குரலில் பெருமிதம் இருந்தது.

பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கவனமாக இருப்போம். நாணயமாக இருப்போம். பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தமாட்டோம். சொந்த சம்பந்தம் உள்ள விஷயத்தில் வாய் திறக்கமாட்டோம். "தவறினால் சிவில் அபராதம் கட்டுவோம்" என்ற கடைசி வரியை மட்டும் தணிந்த குரலில், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். பைக்காரருக்கு அது பிடித்திருந்தது. பெரிய மனிதர்கள் எழுந்து நின்று, நாணயமாக இருப்போம் என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல விஷயம்தானே. அவரும் சொன்னார். அந்த அறையில் அதை மனதில் வாங்கிக்கொண்டு சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைய விஷயம், பக்கக் கம்பிகள் தானாக இறங்குவதாக மருத்துவமனைகளிலிருந்து வந்திருந்த புகார்கள்.

"இதுல யாருக்காவது சொந்த சம்பந்தம் இருந்தா இப்பவே சொல்லிடலாம்," என்றார் செயலாளர். வழக்கம்போலக் கேட்டு, வழக்கம்போல யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று அடுத்த தாளைப் புரட்டினார்.

"எனக்கு இருக்குங்க," என்றார் பைக்காரர். "என் பொண்டாட்டி அந்தக் கட்டில்ல இருந்துதான் விழுந்தா."

தலைவர் மெதுவாக எழுந்து நின்றார். "இவ்வளவு வெளிப்படையான ஒரு அறிவிப்ப என் அனுபவத்துல நான் கேட்டதில்ல," என்றார். "இதுதான் நேர்மை. எல்லாரும் கைதட்டலாம்." எல்லாரும் கைதட்டினார்கள். "இப்ப நீங்க வெளிய போகணும்."

"நான் எதுவும் பேசலீங்களே இன்னும்."

"அதுக்காகத்தான் சார்," என்றார் செயலாளர் கனிவாக.

பைக்காரர் மச்சானைப் பார்த்தார். "மச்சானுக்கும் தங்கச்சிதானே?"

மச்சான் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு சம்பந்தம் இல்ல மாப்ள. நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. கட்டிலயும் பாக்கல. அவ முகத்தயும் பாக்கல. செயலாளர் முன்னாடியே சொல்லிட்டார், பாத்துட்டா சம்பந்தம் வந்துடும்னு."

வாசலில் நின்றது ஏன் என்பது அப்போதுதான் பைக்காரருக்கு விளங்கியது. விளங்கியும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. எழுந்து வெளியே வந்தார்.

கதவில் ஒரு பலகை தொங்கியது: சம்பந்தம் உள்ளவர்கள் வெளியே இருக்கவும். வராந்தாவில் ஒரு பூந்தொட்டி இருந்தது; உட்கார இடம் இல்லை. வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சார் நிக்கறீங்க?"

"சம்பந்தம் இருக்குன்னு அனுப்பிட்டாங்கம்மா."

"அடக் கடவுளே. இதுவரைக்கும் யாரும் இருக்குன்னு சொன்னதில்ல சார், அதான் இங்க நாற்காலி போடல." அவள் காபித் தட்டோடு உள்ளே போனாள். வரும்போது தட்டை ஒரு நாற்காலியின்மேல் வைத்து உருட்டிக்கொண்டு வந்தாள். "உக்காருங்க. உள்ள இதுல யாரும் உக்காரல."

அது நியாயமான மனிதரின் நாற்காலி. தண்ணீர் பாட்டிலும் கூடவே வந்திருந்தது.

சிறிது நேரத்தில் பட்டறை மேஸ்திரி வெளியே வந்தார். கம்பியைப் பற்றி விளக்கம் சொல்ல அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

"'இந்தக் கம்பிய நீங்கதான் செஞ்சீங்களா'ன்னாங்க. ஆமான்னேன். 'அப்ப வெளிய இருங்க'ன்னுட்டாங்க," என்றார் மேஸ்திரி. "செய்யாதவன எங்க போய்க் கூட்டிட்டு வர்றது?"

அடுத்து, மனைவி படுத்திருந்த மருத்துவமனையிலிருந்து புகார் கொண்டுவந்திருந்த வார்டு நர்ஸ். கையில் பை, பையில் ஃபிளாஸ்க்.

"உங்களயுமா சிஸ்டர்?" என்றார் மேஸ்திரி.

"என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. கம்பி விழுந்தத நேர்ல பாத்தீங்களான்னு. பாத்தேன்னேன். 'மன்னிக்கணும், நீங்க ரொம்ப சம்பந்தப்பட்டுட்டீங்க'ன்னாரு பெரியவரு. எழுந்து நின்னுதான் சொன்னாரு. மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

கடைசியாகக் கம்பெனியின் எஞ்சினியர் வந்தார். கம்பியைச் சோதித்துப் பார்த்துவிட்டதால் அவருக்கு நடுநிலை போய்விட்டதாம்.

"உள்ள இப்ப யாரு இருக்காங்க?" என்று கேட்டாள் வரவேற்பு மேசைப் பெண்.

"கட்டில்னா என்னன்னு தெரியாதவங்க," என்றார் மேஸ்திரி. "அவங்கதான் முடிவு எடுக்கலாமாம்."

நர்ஸ் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். ஒரு மூடிதான் இருந்தது. வரவேற்பு மேசைப் பெண் உள்ளே காபிக்கு வைத்திருந்த தங்க விளிம்புக் கோப்பைகளைக் கொண்டுவந்தாள். டீ எல்லாருக்கும் அரைக் கோப்பை வந்தது. மேஸ்திரி தன் பங்கில் கொஞ்சத்தைப் பைக்காரர் கோப்பையில் ஊற்றினார். "நீங்க குடிங்க. உங்க வீட்டம்மா ஒரு தடவ பட்டறைக்கு வந்திருந்தாங்க. என் பொண்ணு படிப்ப விசாரிச்சாங்க," என்றார். பைக்காரர் குடித்தார். சூடு கைக்கு வரத் தாமதமானது. ஆனால் வந்தது.

"பூட்டுல இருக்கற ஸ்பிரிங் லேசா போச்சு," என்றார் எஞ்சினியர், தரையைப் பார்த்துக்கொண்டு. "சத்தம் வரும், பிடிக்காது. ஸ்பிரிங்க மாத்தணும்னா குழு தீர்மானம் வேணும்."

"அதுவரைக்கும் நாங்க பேண்டேஜ் துணியால கட்டிட்டிருக்கோம்," என்றாள் நர்ஸ். "துணி நழுவிடுது. அவசரத்துக்கு அவுக்கவும் வரமாட்டேங்குது."

பைக்காரர் எழுந்து தோள்பையைக் கழற்றினார். அவர் கைகள்தான் அதைச் செய்தன, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பையின் வாரைக் கொக்கியோடு எடுத்து, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே பூட்டினார். "சாஞ்சு பாருங்க சிஸ்டர்."

நர்ஸ் நியாயமான மனிதரின் நாற்காலியில் உட்கார்ந்து, முழு பலத்தோடு முன்னால் சாய்ந்தாள். வார் தாங்கியது. கொக்கியை ஒரு விரலால் தட்டினாள், கழன்றுவிட்டது. மறுபடி பூட்டினாள்.

"சத்தமே வரலையே," என்றாள்.

"சத்தம் வராது," என்றார் பைக்காரர். "பிடிக்கும்."

அந்நேரம் அறைக்கதவு திறந்தது. குழு ஒருமனதாக ஒரு சுயேச்சையான நிபுணரை நியமிக்கத் தீர்மானித்திருப்பதாகச் செயலாளர் அறிவித்தார். நிபுணர் வாழ்க்கையில் ஒரு நாள்கூட மருத்துவமனையில் இருந்ததில்லை என்பதை எழுதி வாங்கியிருக்கிறார்களாம்.

வீட்டில் பைக்காரர் வார் தைக்க உட்கார்ந்தார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் அலுவலகத்திலிருந்து வந்து கொக்கி கோத்துக் கொடுத்தாள்.

"யாரு சொன்னாங்கப்பா தைக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல."

"காசு?"

"வாரு பழசுதானே. கொக்கி கடைல கிடந்ததுதான்."

மகள் கொஞ்ச நேரம் கோத்தாள். "அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமா? 'இதயாவது நேரா தைங்க'ன்னு."

பைக்காரர் தையலைப் பார்த்தார். கோணலாகத்தான் போயிருந்தது. பிரித்துத் திருப்பித் தைத்தார்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பூட்டிக்கொண்டு போனார்கள் பைக்காரரும் மேஸ்திரியும். எஞ்சினியர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு வந்து, வார் எந்த இடத்தில் சுற்ற வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். ஒரு முதியவர் வாரையும் பைக்காரரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னக் கட்டிப் போட வந்திருக்கீங்களா?"

"உங்கள இல்லீங்க. கம்பிய."

"அப்ப சரி. நான் ஓடறவன் இல்ல, அதுதான் ஓடுது."

வேறு மருத்துவமனைகளின் நர்ஸுகள் கேள்விப்பட்டு ஆளனுப்பினார்கள். பைக்காரர் தைத்துக்கொண்டே இருந்தார். விழுவது நின்றது. புகார் வருவதும் நின்றது.

அங்கேதான் வினை வந்தது. இயக்குநர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே அந்த நாட்டில் ஓர் ஆணையம் இருந்தது. புகார் வந்துகொண்டிருந்தவரை ஆணையம் அவற்றை வாங்கி, வந்து சேர்ந்தது என்று பதில் போட்டு, நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் புகார் வருவது சட்டென்று நின்றதும் கலவரமடைந்தது. எந்தத் தீர்மானமும் இல்லாமல் ஒரு குறை சரியாகிறது என்றால், யாரோ அதிகாரமில்லாமல் ஏதோ செய்திருக்க வேண்டும். விசாரணைக்கு உத்தரவிட்டார்கள்.

பைக்காரருக்கு ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. விசாரணை மண்டபத்தில் உறுப்பினர்கள் மூவர் அமர்ந்திருந்தார்கள். தொடங்குமுன் அவர்களும் சம்பந்தம் உண்டா என்று சொல்ல வேண்டுமாம். ஒருவர் தன் அம்மா அத்தகைய கட்டிலில் படுத்திருக்கிறார் என்று சொல்லி எழுந்து போனார். போகும்போது பைக்காரர் பக்கமாகக் குனிந்து, "அந்த வாரு நீங்க தெச்சதா? நல்லா இருக்குங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்தவர். அவரும் போனார். மிஞ்சியவர் மகிழ்ச்சியோடு தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இந்த வயசு வரைக்கும் காய்ச்சல்கூட வந்ததில்ல," என்றார். "சொந்தக்காரங்க யாருக்கும் உடம்பு சரியில்லன்னா நான் போய்ப் பாக்கறதும் இல்ல. பெருமைக்குச் சொல்லல. இந்தப் பொறுப்புக்காக நான் காத்துட்டு வர்ற ஒழுக்கம் அது."

ஆணையத்தின் வக்கீல் எழுந்தார். முதலில் பைக்காரருக்கு ஆறுதல் சொன்னார். "இது கிரிமினல் வழக்கு இல்ல, பயப்படாதீங்க. கிரிமினல்னா குற்றத்த சந்தேகமில்லாம நிரூபிக்கணும், உங்களுக்கு ஏகப்பட்ட உரிமை இருக்கும். இது வெறும் சிவில். எங்களுக்குத் தோணினா போதும்."

"ரொம்ப நன்றிங்க," என்றார் பைக்காரர்.

மற்ற இயக்குநர்கள் மீதான விசாரணை சீக்கிரம் முடிந்தது. அவர்கள் நிபுணரின் அறிக்கையைக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கக் கம்பியின் 'டக்' சத்தத்தைப் பல தடவை பதிவு செய்து கேட்டதாகவும், அது தெளிவாகவும் கேட்பவர் மனதுக்கு நம்பிக்கை தரும்படியும் இருப்பதாகவும் நிபுணர் எழுதியிருந்தார். நிபுணரை நம்பியவர்கள் கவனமாக நடந்தவர்கள் ஆகிறார்கள். குழுத் தலைவர் எழுந்து, "நாங்க கவனமா இருந்தோம்கறதுக்கு ஒவ்வொரு கட்டத்துலயும் சாட்சி இருக்கு. கவனமா இருக்கறதவிட அது கஷ்டம்," என்றார். பிறகு செயலாளரைப் பார்த்து, இது எந்தக் கம்பெனி என்று விரலசைவில் கேட்டுக்கொண்டார்.

பைக்காரர் மீது குற்றச்சாட்டுகள் படிக்கப்பட்டன. அறிவிப்பு இல்லாமல் வராந்தாவில் கூட்டம் நடத்தியது. இயக்குநராக இருந்துகொண்டு, கம்பெனியின் கட்டிலில் தன் சொந்தத் தொழிலின் சரக்கை மாட்டியது. அதற்குக் காசு வாங்காதது இன்னும் மோசம். சந்தை விலைக்குக் குறைவாகக் கொடுத்தால் மறைவான லாபம் இருக்கிறது என்று பொருள்.

"என்ன லாபம்?" என்று கேட்டார் உறுப்பினர்.

"யாரும் விழலீங்க," என்றார் பைக்காரர்.

"ஒப்புக்கொள்கிறார்," என்று எழுதிக்கொண்டார் உறுப்பினர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றச்சாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார் வக்கீல். குரல் தழுதழுத்தது. "அன்னிக்கு நியாயமான மனிதரோட நாற்காலி அறையில இல்ல. வராந்தாவுல இருந்திருக்கு. அதுல ஒரு நர்ஸ் உக்காந்திருக்காங்க. உள்ள ஒரு முக்கியமான முடிவு எடுக்கறப்போ நியாயமான மனிதர் வெளிய இருந்திருக்கார். இதுக்கு யார் பொறுப்பு?"

மண்டபம் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. சாட்சிகள் வரிசையில் இருந்த வரவேற்பு மேசைப் பெண் எழுந்து, "நான்தான் சார் எடுத்துட்டு வந்தேன். அவரு நின்னுட்டிருந்தார்," என்றாள். நின்றுகொண்டிருந்தவருக்கு நாற்காலி கொடுப்பது விசாரணைக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லி அவளை உட்காரவைத்தார்கள்.

உறுப்பினர் இரக்கமான மனிதர்தான். "ஒரு வழி இருக்கு," என்றார் பைக்காரரிடம். "வாரையெல்லாம் கழட்டிடுங்க. வருத்தம் தெரிவிச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க. எச்சரிக்கையோட முடிச்சுடறேன். குழுவுல உங்க இடமும் இருக்கும். இல்லன்னா அபராதம் கட்டணும். இனிமே எந்தக் கம்பெனியிலயும் இயக்குநரா இருக்க முடியாது."

மச்சான் பக்கத்தில் வந்து குனிந்தார். முதல் தடவையாக இவ்வளவு பக்கத்தில் வந்தார். "போட்டுடுங்க மாப்ள. அபராதத்துக்கு எங்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கு. தெரிஞ்சே செஞ்சதுக்கு அது தராது. மிஷின விக்க வேண்டி வரும். அப்பா எழுதிவெச்ச இடமும் போயிடும்."

அப்பா எழுதிவைத்த இடம். மாமனார் அவரை ஏற்றுக்கொண்டதற்கு இருந்த ஒரே சாட்சி. மனைவி அந்த வரியை எத்தனை சந்தோஷத்தோடு சொல்வாள் என்பதைப் பைக்காரர் நினைத்துப் பார்த்தார். கைகள் மடியில் கிடந்தன. மரத்துப்போன கைகள். கழற்றுவது எளிது, கொக்கியை ஒரு விரலால் தட்டினால் போதும், அப்படித்தான் தைத்திருந்தார். கடவுளே, என்றார் மனதுக்குள். இந்தத் தடவை அந்தச் சொல்லோடு நிற்கவில்லை. அவங்க யாரும் விழக்கூடாது, என்று ஒரு வரி தானாக வந்து சேர்ந்துகொண்டது.

"கழட்டச் சொல்லாதீங்கய்யா," என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நியாயமான மனிதர் உங்க இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பார்?"

"தெரியலீங்க. அவரு வந்ததே இல்ல," என்றார் பைக்காரர். "வந்து, கட்டிலப் பாத்தேன்னு சொல்லியிருந்தா, அவரயும் வெளியதான் அனுப்பியிருப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பைக்காரரும் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தீர்ப்பு அன்றே வந்தது. அபராதம், இயக்குநராக இருக்கத் தடை. கடமையின் உயர்வை நாட்டு மக்களுக்கு உணர்த்த இது போதும் என்று உறுப்பினர் கருதினார். வார்களைப் பற்றி உத்தரவு எதுவும் போடவில்லை. போடவேண்டுமென்றால் அவர் நேரில் போய் ஒரு கட்டிலைப் பார்க்க வேண்டியிருந்தது.

மிஷின் போனது. கையால் தைப்பது எப்படியென்று கைகளுக்கு மறக்கவில்லை; கொஞ்சம் மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். மகள் இன்னும் கோணல் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் பைக்காரர் வார்டில் நைந்துபோன வார் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மச்சான். செயலாளர் கூட இல்லை. வழக்கம்போல உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றார். நர்ஸ் ஊசி மருந்துத் தட்டோடு வந்து, "வழிய விடுங்க சார், ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க," என்றாள்.

மச்சான் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"எந்தக் கட்டில் மாப்ள?" என்றார்.

பைக்காரர் ஜன்னலோரமாக இருந்ததைக் காட்டினார். இப்போது அதில் வேறொரு அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மச்சான் தலைமாட்டில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார். கம்பியை மெதுவாகத் தூக்கினார். 'டக்' என்றது. விரலால் லேசாக அழுத்தினார். அது வாரின்மேல் சாய்ந்து நின்றது.

"வாரு இல்லாட்டி?"

"இறங்கிடும்."

மச்சான் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாத்துட்டேன்," என்றார். "அடுத்த கூட்டத்துல என்னயும் வெளிய அனுப்பிடுவாங்க."

பைக்காரர் கட்டிலுக்கு அடியிலிருந்த முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க மச்சான். வராந்தாவுல அந்தப் பொண்ணு இருக்கும். நாற்காலி எடுத்துட்டு வந்து போடும்."

மச்சான் உட்கார்ந்தார். நர்ஸ் வேலையை முடித்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், ஃபிளாஸ்க்கின் மூடியில் டீ ஊற்றிப் பைக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை மச்சானிடம் நீட்டப் போனவர், சட்டென்று விரல்களை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து மச்சான், சுடுது," என்றார்.